ஐந்தாவது சனிக்கிழமை

ஆகஸ்ட் 30, சனி

இன்று வீட்டில் இருந்தவர்கள்: நான், மகன் லோகநாதன், மருமகள் கோகிலா, பேத்தி ஹரிணி, சென்னிமலையிலிருந்து வந்திருந்த என் தம்பி சென்னியப்பன், அவன் பெண்டாட்டி ஈஸ்வரி. ஆறு பேர். பின்னால் யாரும் நான் அங்கே இல்லை, எனக்குத் தெரியாது என்று சொல்லக் கூடாது. அதற்காகவே பேர் எழுதி வைக்கிறேன்.

இந்த டைரி லோகுவின் கம்பெனியில் புது வருஷத்துக்குக் கொடுத்தது. காலியாகவே கிடந்தது. ஹரிணிதான், "மனசுல வெச்சுட்டு எங்களைக் கொல்றதுக்குப் பதிலா இதுல எழுது அப்பத்தா" என்று கையில் கொடுத்தாள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். நிறுத்தியவர் காளியண்ண வாத்தியார். சிலேட்டு உடைந்ததற்கு என்னை வெயிலில் நிற்க வைத்தார், மறுநாள் நான் போகவில்லை. அவர் செத்து வெகு காலம் ஆகிறது. நான் மறக்கவில்லை.

இன்று ஐந்தாவது சனிக்கிழமை. திருப்பூரில் இருக்கிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. பனியன் கம்பெனியில் சம்பளம் வாராவாரம், சனிக்கிழமை சாயங்காலம். பேங்குக்காரனுக்கோ மாதக் கணக்கு. வீட்டுக் கடன் தவணை பன்னிரண்டாயிரத்து இருநூறு, ஐந்தாம் தேதிக்குள் கட்ட வேண்டும். லோகுவும் கோகிலாவும் இரண்டு கணக்கையும் ஒட்ட வைக்கத் தெரியாமல் முதல் வருஷம் இரண்டு தவணை தவறினார்கள். வீட்டு வாசலில் ஒருவன் வந்து நின்று சத்தமாகப் பேசினான். எதிர் வீட்டு சாவித்திரி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள். அன்றைக்குத்தான் பீரோச் சாவியை நான் வாங்கி இடுப்பில் செருகினேன்.

என் கணக்கு எளிது. நான்கு சனிக்கிழமை, நான்கு பங்கு. லோகு கொடுக்கும் ஆறாயிரத்து ஐநூறில் தவணைப் பங்கு முதலில் பிஸ்கட் டப்பாவுக்குள் போகும். மிச்சம்தான் அரிசி, பால், ஹரிணி படிப்பு, என் பிரஷர் மாத்திரை. எந்த மாதத்தில் ஐந்தாவது சனி வருகிறதோ, அந்த வாரச் சம்பளத்தில் ஐயாயிரம் அப்படியே பேங்குக்கு, கடனை அடைக்க. அந்த வாரம் வீட்டில் ரசமும் துவையலும்தான். கோகிலா வீட்டிலிருந்தே பனியனில் நூல் பிசிறு வெட்டிச் சம்பாதிப்பதில் ஓட்ட வேண்டும். முதல் இரண்டு முறை முகத்தைத் தூக்கினாள். இப்போது பழகிவிட்டது.

சாயங்காலம் லோகு பணத்தை நீட்டினான். எண்ணி வாங்கினேன். "எட்டு மிஷினைத் தொலைச்சவன் கையில இருந்து எண்ணித்தான் வாங்கோணும்" என்று எப்போதும் சொல்வதைச் சொன்னேன். தம்பி சிரித்தான். "உடு அக்கா, சின்னப் பையன், அப்பத் தெரியல" என்றான். லோகுவுக்கு நாற்பத்தி மூன்று வயது.

எல்லாம் ஐநூறு ரூபாய்த் தாள். வழவழவென்று இருந்தது. முன்பெல்லாம் பேர் எழுதின கவரில், பின் அடித்து, அழுக்கு நூறும் ஐம்பதும் கலந்து வரும். கேட்டேன். கம்பெனியில் இப்போது கவர் கொடுப்பதில்லை என்றான்.

தம்பிக்குக் கோழி அடிக்கலாம் என்றால் ஐந்தாவது வாரம். முட்டை வாங்கி வரச் சொன்னேன். கூடப் பிறந்தவனுக்கு ரசம் ஊற்றி அனுப்ப முடியுமா?

செப்டம்பர் 1, திங்கள்

லோகு ஐயாயிரத்தை எடுத்துக்கொண்டு பேங்குக்குப் போனான். கட்டியாயிற்று என்று கோகிலாவுக்குப் போன் பண்ணினான். எனக்கு ஏன் பண்ணவில்லை?

செப்டம்பர் 7, ஞாயிறு

மிஷின் கதையை இதில் எழுதி வைக்க வேண்டும். எனக்குப் பின்னால் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்வார்கள்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் லோகுவும் தம்பியும் கூட்டுச் சேர்ந்து எட்டுத் தையல் மிஷின் போட்டார்கள். என் ஒன்பது பவுன் அதில் போனது. சங்கிலி, நாலு வளையல், ஒரு தோடு. தைப்பூசத்துக்கு மறுநாள் காலை ஷெட்டைத் திறந்தால் எட்டு மிஷினும் இல்லை. பூட்டு உடையவில்லை. அன்று அங்கே நின்றவர்கள் நான், லோகு, டெய்லர் மணி, ஷெட்டுக்காரர். தம்பி இல்லை. பழனிக்குக் காவடியோடு நடந்து போயிருந்தான், பாவம். வந்ததும் கேள்விப்பட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்தான். சாவியை எங்கேயாவது வைத்துவிட்டுப் போயிருப்பான் லோகு, எவனோ அச்சு எடுத்துவிட்டான் என்று அவன்தான் கண்டுபிடித்துச் சொன்னான். போலீசுக்குப் போனால் குடும்ப மானம் போகும் என்று அதையும் தடுத்தான். மூன்று நாள் வெறுங்காலோடு நடந்து வந்தவன். சாமிக்குப் போய் வந்தவர்கள் காலைக் கழுவுவது எங்கள் வழக்கம். மஞ்சள் தண்ணீரில் நானே கழுவித் துடைத்தேன். ஒரு கொப்புளம் கிடையாது. முருகன் அப்படிக் காப்பாற்றினான் அவனை.

அந்த நஷ்டத்தையும் தாங்கிக்கொண்டு தம்பி அதே வருஷம் ஆவணியில் வீட்டுக்கு மாடி எடுத்தான். சமர்த்து. என் மகன் இன்னும் சம்பளத்துக்கு நிற்கிறான்.

செப்டம்பர் 12, வெள்ளி

குளியலறைச் சல்லடையைக் கழுவினேன். எந்த வீட்டில் இருந்தாலும் இருபது வருஷமாகச் சல்லடையில் பஞ்சு அடைக்கும். துணி வெட்டுகிற கட்டிங் டேபிளில் நிற்கிற லோகுவின் தலையிலும் காதிலும் பஞ்சுதான். வாரத்துக்கு ஒரு உருண்டை எடுத்துப் போடுவேன். இந்த வாரம் இல்லை. போன வாரமும் இல்லை. கோகிலா எனக்கு முன்னால் எடுத்துப் போட்டிருக்க வேண்டும். எதையும் சொல்லிச் செய்கிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. அவள் அம்மாவும் அப்படித்தான். கல்யாணத்தன்று கடைசிப் பந்திக்குத் தயிர் இல்லை என்று சொல்லாமலே உட்கார வைத்தவள்.

செப்டம்பர் 17, புதன்

புரட்டாசி பிறந்தது. ஒரு மாதத்துக்குக் கறி, முட்டை கிடையாது. பெருமாள் புண்ணியத்தில் கொஞ்சம் மிஞ்சும்.

செப்டம்பர் 21, ஞாயிறு

லோகு கறுத்துவிட்டான். டியூப் லைட்டுக்கு அடியிலேயே நின்று கருணைக்கிழங்கு வேரைப் போல வெளுத்துக் கிடந்த கை, முழங்கைக்குக் கீழே வேறு யாருடைய கையோ மாதிரி இருக்கிறது. நெற்றியில் ஹெல்மெட் அழுத்திய கோடு. சரியாகச் சாப்பாடு போடுகிறாயா என்று கோகிலாவைக் கேட்டேன். "போடறனுங்க அத்தை" என்று பிசிறு வெட்டுகிற கத்தரியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். அவள் கை நின்றது. எனக்குக் கண் தெரியும்.

இன்னொன்று. பெட்ரோலுக்கு என்று வாரம் இருநூறு ஒதுக்குகிறேன். கம்பெனி கூப்பிடு தூரம். பத்தவில்லை என்று மாதத்தில் ஒரு தடவையாவது சண்டை போடுவான். இரண்டு மாதமாகக் கேட்கவே இல்லை. திருந்திவிட்டான் போல.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. வருஷா வருஷம் கம்பெனியிலிருந்து பொரி, சுண்டல், ஸ்வீட் பாக்ஸ், பெரிய பையாகக் கொண்டு வருவான். ஹரிணி சின்னதில் அந்தப் பைக்காகவே வாசலில் நிற்பாள். இன்று கையில் ஒரு பாலிதீன் கவரில் பொரி மட்டும். நம் தெருமுக்குக் கடைப் பொரி. அந்தக் கடைக்காரன் பொரியில் எப்போதும் ஈர வாசம் அடிக்கும். கம்பெனிக்காரர்களும் கஞ்சர்களாகிவிட்டார்கள் என்றேன். ஆமாம் என்றான்.

தவணை டப்பா நிறைந்துவிட்டது. ஐந்தாம் தேதி ஞாயிறு. அதனால் நாளை மறுநாளே கட்டச் சொல்லியிருக்கிறேன்.

அக்டோபர் 11, சனி

இன்றைக்குச் சண்டை. போனஸ் பற்றிக் கேட்டேன். போன வருஷம் நாற்பத்தைந்தாயிரம் வந்தது, ஒரு ரூபாய் தொடாமல் பேங்கில் கட்டினோம். இந்த வருஷமும் அப்படிக் கட்டினால் கடன் நன்றாக இறங்கும். ஹரிணி காலேஜ் போகிற போது மூச்சு விடலாம். இந்த வீட்டுப் பத்திரம் பேங்கில் இருக்கிறது. அது திரும்பி வந்து இந்தப் பீரோவுக்குள் இருப்பதை நான் பார்க்க வேண்டும். இரண்டு தவணை தவறியபோது பேங்க் ஆள் வாசலில் நின்று பேசிய பேச்சு இன்னும் என் காதில் இருக்கிறது.

லோகு, "தர்றப்பத் தருவாங்க" என்றான். எப்போது என்றேன். "அம்மா, தெனமும் கேட்டா நான் என்ன பண்றது" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். சோற்றைத் தள்ளுகிற வழக்கம் அவன் அப்பாவுக்குக்கூடக் கிடையாது. எட்டு மிஷினைத் தொலைத்தபோது இந்தக் கோபம் எங்கே போனது என்று கேட்டேன். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

கம்பெனிக்காரன் ஏமாற்றுகிறான் என்று எனக்குத் தோன்றுகிறது. லோகுவுக்கு வாய் கிடையாது. யாராவது போய்க் கேட்க வேண்டும்.

அக்டோபர் 14, செவ்வாய்

ஒருவரிடமும் சொல்லவில்லை. ஹரிணி பள்ளிக்கூடம் போனதும் நல்ல சேலை கட்டிக்கொண்டு கம்பெனிக்கு நடந்து போனேன். முதலாளியைப் பார்த்து மரியாதையாகக் கேட்கலாம் என்று வழியெல்லாம் பேச்சைத் தயார் பண்ணிக்கொண்டு போனேன். இருபது வருஷம் உழைத்தவன், தீபாவளிக்கு முன்னால் கையில் கொடுத்தால் பேங்குக்கு ஆகும், இப்படி.

கேட்டில் வாட்ச்மேன் ராசு இருந்தான். லோகு கல்யாணத்தில் பந்தி பரிமாறியவன். உட்காரச் சொல்லி அவன் நாற்காலியைக் கொடுத்தான். உள்ளே சத்தம் குறைவாக இருந்தது. விசயத்தைச் சொன்னேன். அவன் என்னைப் பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்தான்.

"ஏனுங்க ஆத்தா, உங்களுக்குத் தெரியாதுங்களா? லோகு அண்ணனுக்கு ஆடி பொறந்த வாரமே கணக்கு முடிச்சுட்டாங்களே. ஆர்டர் இல்லைன்னு பாதிப் பேரை நிறுத்திட்டாங்க."

தெரியும் என்றேன். பழைய பாக்கி ஏதாவது நிற்கிறதா என்று கேட்கத்தான் வந்தேன் என்றேன். இல்லைங்க, எல்லாம் அப்பவே குடுத்துட்டாங்க என்றான். அப்படியா, சரி என்று எழுந்தேன். டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னான். குடித்தேன். குடிக்காமல் வந்தால் தெரிந்துவிடும்.

அக்டோபர் 15, புதன்

அரிசி ஒரு சிப்பம். தேங்காய் நாலு. கேஸ் புக் பண்ணியாயிற்று.

அக்டோபர் 18, சனி

தவணைக்குப் பயமில்லை என்று நினைத்திருந்தவள் நான். இந்த நாலு நாளும் உட்கார்ந்த இடத்தில் உட்கார முடியவில்லை. அடுப்பங்கரைக்கும் வாசலுக்குமாக நடந்தேன். ஆடியிலிருந்து ஐப்பசி வரை ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒருவன் வேலையில்லாமல் ஆறாயிரத்து ஐநூறு கொண்டு வருகிறான் என்றால் அது எங்கே இருந்து வருகிறது? கந்துவட்டிக்காரனிடம் விழுந்துவிட்டான் என்றுதான் எனக்குத் தோன்றியது. இந்த ஊரில் அப்படி விழுந்தவர்கள் வீட்டுக் கதவைக்கூடக் கழற்றிக்கொண்டு போனதைப் பார்த்திருக்கிறேன்.

சாயங்காலம் வந்தான். சம்பளம் என்று கொடுத்தான். அதன் மேல் பதினைந்தாயிரம், போனஸ் என்று கொடுத்தான். "இந்த வருசம் அவ்வளவுதான் அம்மா, கம்பெனி நெலமை சரியில்லை" என்றான். முகத்தை நேராக வைத்துக்கொண்டு சொன்னான். சின்னப் பிள்ளையில் எனக்குப் பொய் சொல்லும்போது காதைத் தடவுவான். இப்போதும் தடவினான்.

எண்ணி வாங்கினேன். எண்ணும்போது சொல்வதையும் சொன்னேன். சொல்லாவிட்டால் எனக்குத் தெரிந்துவிட்டது என்று கண்டுபிடித்துவிடுவான்.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

மழை. தம்பியும் ஈஸ்வரியும் வந்தார்கள். எனக்கு ஒரு பட்டுச் சேலை, அரக்கு நிறம். வருஷா வருஷம் பொங்கச்சீரும் உண்டு, ஒரு வருஷம் தவறியதில்லை. கூடப் பிறந்தவன் சீர் வருகிற வரைக்கும்தான் ஒரு பொம்பளைக்குப் பிறந்த வீடு என்று ஒன்று இருக்கிறது. நடுக் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். லோகு கீழே உட்கார்ந்து இலை போட்டான்.

போனஸ் எவ்வளவு என்று தம்பி கேட்டான். லோகு சொன்னான். "பரவாயில்ல மாப்ள, அதையாச்சும் பத்திரமா வெச்சுக்கோ, மிஷினாட்டக் காணாமப் போயிரப் போகுது" என்று சொல்லித் தம்பி வயிறு குலுங்கச் சிரித்தான். ஈஸ்வரி சிரிக்கவில்லை. இலையில் இருந்த வடையைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள், வாயில் போடவில்லை.

எனக்கும் சிரிப்பு வரவில்லை. ஏன் என்று தெரியவில்லை. அந்தப் பேச்சு என்னுடையது, அவன் எடுத்துப் பேசுகிறான் என்பதாலோ என்னவோ.

அக்டோபர் 23, வியாழன்

கோகிலாவோடு பிசிறு வெட்ட உட்கார்ந்தேன். ஒரு கட்டை முடித்தோம். பிறகு நான், ராசு நல்லா இருக்கிறான், கேட்டில் பார்த்தேன் என்றேன். கத்தரியைக் கீழே வைத்துவிட்டாள்.

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள், ரொம்ப நாளாக ஒத்திகை பார்த்த மாதிரி. கந்துவட்டி இல்லை. லோகு காலையில் கம்பெனிக்கு என்று கிளம்பி ஒரு பார்சல் ஆபீசுக்குப் போகிறான். வண்டியில் ஊர் முழுக்கப் பொட்டலம் கொண்டு போய்க் கொடுக்கிற வேலை. வாரம் நாலாயிரம் வருகிறது. குறைகிற பணத்தை வீட்டுக் கடன் கணக்கிலிருந்தே எடுக்கிறான். எங்கள் கடனில் தவணைக்கு மேல் கூடுதலாகக் கட்டினதை வேண்டும்போது ஏ.டி.எம்.மில் திரும்ப எடுத்துக்கொள்ளலாமாம். வாங்கும்போதே அப்படி ஒரு வகையாக வாங்கியிருக்கிறார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை.

எனக்குப் புரிய நேரம் ஆயிற்று. ரசம் ஊற்றி நான் மிச்சம் பிடித்த ஐந்தாவது சனிக்கிழமைகள். போன வருஷ போனஸ். அதெல்லாம் பேங்குக்குப் போய், அவன் கை வழியாகச் சம்பளம் என்று சொல்லிக்கொண்டு எனக்கே திரும்பி வந்திருக்கிறது. அதை நான் எண்ணி வாங்கி மறுபடியும் பேங்குக்கு அனுப்பியிருக்கிறேன். தீபாவளி போனஸும் அதேதான். கட்டினதில் பாதி கரைந்துவிட்டது. இப்படியே போனால் மாசிக்குள் மிச்சமும் தீரும், பிறகு தவணை தவறும், பிறகு வாசலில் ஆள் வந்து நிற்பான்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லலாம்னு நான் நூறு தரம் சொன்னனுங்க அத்தை. அம்மாவுக்குத் தெரிஞ்சா மிஷினோட இதையும் சேத்துக்கும், நான் சாகற வரைக்கும் சனிக்கெழமையானா கேக்கோணும்னு சொல்லிட்டாருங்க. அதுக்கு வெய்யல்ல அலையறதே மேலுன்னு."

நான் என்ன சொல்லிவிட்டேன்? நடந்ததைத்தானே சொன்னேன்?

அடுத்த கட்டை எடுத்துப் பிரித்தேன். அவளுக்கு நூல் கண்டுபிடிக்கிற வேகம் அதிகம். ஒத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அக்டோபர் 26, ஞாயிறு

லோகு மழையில் நனைந்த ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டுப் படுத்திருந்தான். தூங்கிக்கொண்டிருந்தான். இரண்டு குதிகாலிலும் கொப்புளம், ஒன்று உடைந்து ஒழுகியிருந்தது. மூன்று மாடி, நான்கு மாடி என்று பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறான் போல. விளக்கெண்ணெய் எடுத்து வந்து தடவினேன். விழிக்கவில்லை.

வண்டியில் போகிறவனுக்கு, ஷூ போட்டவனுக்கே கால் இப்படி ஆகிறது. மூன்று நாள் வெறுங்காலில், தார் ரோட்டில்,

அக்டோபர் 27, திங்கள்

இட்லிக்கு ஊறப் போட மறந்துவிட்டேன். எனக்கு எதுவும் மறந்ததில்லை.

அக்டோபர் 30, வியாழன்

ஷெட்டுக்குப் பூட்டு வாங்கின அன்று இருந்தவர்கள்: நான், தம்பி, கடைக்காரன். லோகு இல்லை. சாவி இரண்டு வந்தது. ஒன்றை லோகுவுக்கு என்று நான் வாங்கி முந்தியில் முடிந்தேன். மற்றது தம்பியின் மஞ்சள் பையில் போனது. அவன் பையை மடக்கி அக்குளில் வைத்தது உட்பட எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஒன்பது வருஷமாக ஞாபகம் இருந்திருக்கிறது.

வெந்நீர், மஞ்சள், அவன் கால். குழந்தைக் கால் மாதிரி வெள்ளையாக இருந்தது.

இதற்கு மேல் எழுத வேண்டாம்.

நவம்பர் 5, புதன்

தவணை கட்டியாயிற்று. லோகு என்னிடம் பணம் வாங்கும்போது என் முகத்தைப் பார்த்தான். கோகிலா அவனிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. வீட்டில் எல்லோரும் கண்ணாடிப் பாத்திரத்தைத் தூக்குகிற மாதிரி நடக்கிறார்கள். ஹரிணிக்கு மட்டும் பொறுக்கவில்லை. "யாராச்சும் சண்டை போடுங்களே, ஒரு மாதிரி இருக்குது" என்றாள்.

நவம்பர் 9, ஞாயிறு

சென்னிமலை போய் வந்தேன். லோகு கொண்டு வந்து விடுகிறேன் என்றான். வேண்டாம் என்று பஸ்ஸில் போனேன்.

கையில் ஒரு மூட்டை. மிஷின் போனதற்குப் பின் தம்பி எடுத்துக் கொடுத்த பொங்கச்சீர்ச் சேலைகள், கட்டிக் கிழிந்தது இரண்டு போக மற்றவை. மேலே தீபாவளிப் பட்டு, மடிப்புப் பிரிக்காதது.

தம்பி வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். மூட்டையைப் பார்த்து, "என்ன அக்கா, தங்கற மாதிரி வந்துட்டியா" என்று கேட்டான். ஈஸ்வரி தண்ணீர் கொண்டு வந்தாள். நான் உட்காரவில்லை.

"சென்னியப்பா, நீ பழனிக்கு எந்த வழியாப் போனே?"

"எப்ப அக்கா?"

"மிஷின் போன வருசம்."

எப்போதும் போகிற வழிதான் என்றான். தாராபுரம் வழி. கூட யார் வந்தார்கள் என்றேன். இரண்டு பேர் சொன்னான். இரண்டு பேரும் இப்போது உயிரோடு இல்லை. காலில் ஏன் கொப்புளம் இல்லை என்றேன். அதற்குச் சிரித்தான். அப்புறம் என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். ஈஸ்வரி சொம்பைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

"ஒம்பது வருசம் கழிச்சு இதென்ன விசாரணை? எவன் என்ன சொல்லிக் குடுத்தான் உனக்கு? நான் மாடி கட்டுனது லோன் வாங்கி, பேப்பர் வேணும்னா காட்டறேன்."

நான் மாடியைப் பற்றிக் கேட்கவே இல்லை.

அதை அவனும் உணர்ந்தான். பேப்பரை மடித்தான், மறுபடி பிரித்தான். என் தம்பி. எனக்கு எட்டு வயது இருக்கும்போது பிறந்தவன். இடுப்பிலேயே வளர்ந்தவன். அவனைத் தூக்கிக்கொண்டு போனதால்தான் என் சிலேட்டு கீழே விழுந்து உடைந்தது.

பணம் கேட்கப் போகவில்லை என்றுதான் பஸ்ஸில் நினைத்துக்கொண்டு போனேன். ஆனால் கேட்டேன். பவுன் விலைக்குக் கேட்கவில்லை, மிஷின் விற்ற விலைக்காவது கொடு, வீட்டுத் தவணை நிற்கிறது என்றேன். என்னிடம் ஏது பணம், நீ யாரோ பேச்சைக் கேட்டு வந்திருக்கிறாய், பெரியவள் என்று பார்க்கிறேன் என்றான். மிஷினை நான் எடுக்கவில்லை என்று அவன் ஒரு தரம்கூடச் சொல்லவில்லை.

மூட்டையை அவன் மாடிப் படியில், முதல் படியில் வைத்தேன். ஈஸ்வரிக்கு என்ன என்று புரிந்துவிட்டது. சீரைத் திருப்பினால் பிறந்த வீட்டு உறவே அறுந்தது, எங்கள் பக்கத்தில் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. "வேண்டாமுங்க, இப்பிடிப் பண்ணாதீங்க" என்று என் கையைப் பிடித்தாள். அவளுக்கு எத்தனை வருஷமாகத் தெரியும் என்று கேட்கவில்லை. கேட்டால் அவளையும் எழுத வேண்டும்.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது.

நவம்பர் 10, திங்கள்

வீட்டில் சொன்னேன். இருந்தவர்கள் லோகு, கோகிலா, ஹரிணி. மூட்டை வைத்ததைச் சொன்னேன், மாடிப் பேச்சைச் சொன்னேன். ஹரிணி ஏதோ கேட்க வாயைத் திறந்தாள். கோகிலா அவள் தொடையைத் தட்டினாள்.

லோகு, "எனக்கு அன்னிக்கே தெரியும் அம்மா" என்றான்.

தெரிந்தும் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தாய் என்று கேட்டேன். அதற்கு அவன், "உனக்குன்னு பொறந்த வீட்டுல இருக்கறது மாமா ஒருத்தருதானே" என்று சொல்லிவிட்டு ஷூவை வெயிலில் வைக்கப் போய்விட்டான்.

நவம்பர் 17, திங்கள்

நான், லோகு, கோகிலா மூவரும் பேங்குக்குப் போனோம். கடன் பிரிவில் ஒரு பொண்ணு, ஹரிணியைவிடப் பத்து வயது மூத்திருப்பாள். மாத வருமானம் எவ்வளவு என்று கேட்டாள். லோகு தடுமாறினான். நான், மாதம் என்று ஒன்று எங்களுக்குக் கிடையாது அம்மிணி, வாரம் கேளு என்றேன். அவன் நாலாயிரம், இவள் ஆயிரத்து இருநூறு, நான் பிசிறு வெட்டினால் முந்நூறு. தவணை தவறிய பிறகு வராமல் முன்னாலேயே வந்தது நல்லது என்றாள். தவணையைப் பத்தாயிரத்து நானூறாகக் குறைத்து வருஷத்தைக் கூட்டித் தர எழுதி வாங்கினாள். மேலிடத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும், பத்து நாள் ஆகும். கணக்கில் மிஞ்சியிருக்கிற கூடுதல் பணத்தை இனி எடுக்க முடியாதபடி கடனிலேயே கழித்துவிடச் சொன்னேன். லோகு கையெழுத்துப் போட்டான். ஏ.டி.எம். அட்டையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஐந்து வருஷம் கூடுகிறது. பத்திரம் கைக்கு வரும்போது நான் இருப்பேனா என்று வெளியே வந்து சொன்னேன்.

"நீ இருப்பே. எத்தனை பேரை இன்னும் ஞாபகம் வெச்சிருக்கோணும்" என்றான் லோகு. கோகிலா ரோட்டில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாமியார் முன்னால் இப்படிச் சிரிக்கிறவள் என்று எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 28, வெள்ளி

பேங்கிலிருந்து போன். ஒப்புக்கொண்டார்கள்.

நவம்பர் 29, சனி

மறுபடியும் ஐந்தாவது சனிக்கிழமை. இந்தத் தடவை கடனுக்கு என்று தனியாகக் கட்ட ஒன்றும் இல்லை. எப்போதும் போல ரசம் வைத்தேன். ஹரிணி முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு முட்டை வாங்கி வரச் சொன்னேன்.

ஈஸ்வரி மத்தியானம் கோகிலாவுக்குப் போன் பண்ணியிருக்கிறாள். பொங்கலுக்கு வருகிறோம், அக்காவைச் சமாதானம் பண்ணி வை என்றாளாம். அவர் தப்புத்தான் பண்ணிவிட்டார், வயசான காலத்தில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றாளாம். கோகிலா என்ன சொன்னாள் என்று கேட்டேன். "அத்தைக்கிட்ட நீங்களே பேசிக்கோங்கன்னு சொல்லிட்டனுங்க" என்றாள். சரியாகச் சொல்லியிருக்கிறாள்.

சாயங்காலம் லோகு வந்தான். பணத்தைக் கொடுத்தான். பார்சல் ஆபீசில் கொடுத்தது, ரப்பர் பேண்டு போட்டது. ஒரு ஐநூறு, மற்றதெல்லாம் நூறும் ஐம்பதும் இருபதும், ஒன்று ஓரத்தில் கிழிந்து டேப் ஒட்டினது. மழை ஈரம்.

எண்ணினேன். எண்ணி முடித்ததும் டப்பாவில் போட்டு மூடினேன். லோகு போகாமல் நின்றான், இன்னும் ஏதோ நான் கொடுக்க வேண்டியது பாக்கி இருக்கிற மாதிரி. நான் வேறு ஒன்றும் சொல்லவில்லை. சற்று நேரம் பார்த்துவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனான்.

உட்கார்ந்து யோசித்தேன். காளியண்ண வாத்தியாரை இன்றோடு விட்டுவிடலாம். சிலேட்டு உடைந்தது அவரால் இல்லை. கோகிலாவின் அம்மா தயிர் வைக்காததும் போகட்டும், கேட்டரிங்காரன் ஏமாற்றியிருப்பான். எதிர் வீட்டு சாவித்திரிக்குக் கதவைத் திறந்து வைத்து வம்பு கேட்கிறது பிறவிக் குணம். எட்டு மிஷினைப் பற்றி இந்த வீட்டில் இனி நான் பேசினால் அது லோகுவின் பேரோடு வராது.

பொங்கலுக்கு யார் வந்தாலும் வாசலோடு தண்ணீர் கொடுத்து அனுப்பச் சொல்லிவிட்டேன். சீர் வாங்க மாட்டேன். நான் செத்தால் கூடப் பிறந்தவன் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை என்று கொண்டு வந்து போர்த்தக் கூடாது, லோகுவிடம் இதைச் சொல்லியாயிற்று, இங்கேயும் எழுதிவிட்டேன். மன்னிக்காமல் இருக்கிறது இனி ஒருத்தனை மட்டும்தான்.

சென்னியப்பன்.